வாழை வாடும்போது வேரடியில் நடப்பது என்ன?

ரஸ்தாளித் தோட்டத்தில் வாடல் நோய் கண்ட மரத்தை வரப்பில் நின்றபடியே அடையாளம் சொல்லிவிடலாம். நட்டு ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வரும். காம்பு மடிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடிப்பக்கம் நெடுக்கில் வெடித்திருக்கும். அந்த மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்பாகப் புள்ளிகளும் கோடுகளும் ஓடியிருக்கும். தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் புசேரியம் என்ற பூஞ்சை புகுந்து அடைத்துக்கொண்டதன் தடம் அது. புத்தகங்கள் இதைப் பனாமா வாடல் என்கின்றன. வாழைக்காரர்களுக்கு வெறும் வாடல்.

நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பூஞ்சையும் ஒரு மரமும் மட்டும்தான். தாவர நோயியலும் வெகுகாலம் அப்படியே பார்த்தது. கிருமி எது, எந்த ரகத்தைத் தாக்கும், எந்த மருந்துக்கு அடங்கும் என்பவைதான் கேள்விகள். ஆனால் அந்தப் பூஞ்சை வேரைத் தொடுவதற்கு முன்னால் பெரிய கூட்டம் ஒன்றைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. தாண்டி வந்த பிறகு அந்தக் கூட்டத்தைப் பழையபடி விட்டுவைப்பதும் இல்லை. நோய் வந்தால் மரம் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. மரத்தின் மேலும் வேரைச் சுற்றியும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன என்பது, மண்ணிலிருந்தே டிஎன்ஏவை எடுத்துப் படிக்கும் வசதி வந்த பிறகுதான் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், வாடலை அடக்க வாழைக்குச் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவை வாங்கிப் போடும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஜெர்மானிய விஞ்ஞானி லோரன்ஸ் ஹில்ட்னர் 1904இல், வேரை ஒட்டிய மண்ணுக்கு ரைசோஸ்பியர் என்று தனிப் பெயர் வைத்தார். வேர்மண்டலம் என்று நாம் சொல்லலாம். சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். ஆனால் அந்த மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் பத்துக் கோடி, நூறு கோடி என்ற கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவ்வளவு பேர் அங்கே கூடுவதற்குக் காரணம் சாப்பாடு. இலை சமைப்பதில் கணிசமான பங்கைச் செடி வேர் வழியாக வெளியே விடுகிறது. சர்க்கரை, கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் உண்டு. வேரடி என்பது நாள் முழுக்க நடக்கிற பந்தி. இலையில் என்ன பரிமாறப்படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் யார் வந்து உட்காருவார்கள் என்பதும்.

நோய் வந்ததும் முதலில் மாறுவது இந்தப் பரிமாறல்தான். நீர்க்குழாய் அடைபட்டு இலை வாடினால் சமையல் குறைகிறது. வேருக்கு இறங்கும் சர்க்கரை குறைகிறது. சர்க்கரையை நம்பியே வாழும் வேர் உட்பூசணம், அதாவது கடைகளில் வேம் என்ற பெயரில் விற்கும் அந்த நல்ல பூஞ்சை, பட்டினி கிடக்கிறது. அதே நேரத்தில் அழுக ஆரம்பித்த வேர்கள் தங்கள் உள்ளீட்டைக் கட்டுப்பாடில்லாமல் கசியவிடுகின்றன. அளந்து பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில் பானை உடைந்து கொட்டினால் எப்படி இருக்கும்? அழுகலைத் தின்னும் கூட்டம் வந்து நிறைகிறது.

மத்திய அமெரிக்காவில் இதை நேரடியாக வயலில் பார்த்தார்கள். நிகரகுவாவிலும் கோஸ்டாரிகாவிலும் வாடல் தாக்கிய பண்ணைகளில் குரோ மிஷெல் ரக வாழைகளை எடுத்து, ஒரே பண்ணையில் நோயுற்ற மரத்தையும் நன்றாக நின்ற மரத்தையும் ஒப்பிட்டார்கள். ஆய்வு 2017இல் வெளியானது. குரோ மிஷெல் ஒரு காலத்தில் உலகச் சந்தையையே ஆண்ட ரகம். இந்த வாடலால்தான் 1950களில் ஏற்றுமதித் தோட்டங்கள் அதைக் கைவிட்டு, பிறகு கேவண்டிஷ் ரகத்துக்கு மாறின. நன்றாக நின்ற மரங்களில் சூடோமோனாஸ், ஸ்டெனோட்ரோபோமோனாஸ் போன்ற உதவிக்காரப் பாக்டீரியாக்கள் அதிகம் இருந்தன. நோயுற்ற மரங்களில், தாவரத் திசுவைச் சிதைக்கும் எண்டிரோபாக்டீரியாக் குடும்பத்தினர் பெருகியிருந்தனர். வேர்மண்டலத்தில் எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணிப் பார்த்தால், அங்கேயும் நல்ல மரத்தின் அடியில்தான் பன்மை கூடுதல். இரண்டு நாட்டு மண்ணும் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபட்டவை. ஆனாலும் மரத்துக்குள் வாழும் பாக்டீரியாக்கள் நோய்க்கு மாறிய விதம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

நோய் மேலே இருந்தாலும் இதே கதைதான். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 2005இல் கண்டறியப்பட்ட சிட்ரஸ் கிரீனிங் நோயின் பாக்டீரியா, உணவைக் கடத்தும் பட்டைத் திசுவுக்குள் வாழ்வது. பூச்சி கடித்து இலைக்குள் ஏற்றிவிடுவது. ஆனால் நோயுற்ற மரங்களின் வேர்மண்டலத்தை எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் கூட்டம் மாறியிருந்தது. தழைச்சத்தைச் சுழற்றுவது போன்ற வேலைகளுக்கான மரபணுக்களும் குறைந்திருந்தன.

சரி, இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். நோய் வந்ததால் கூட்டம் மாறியதா, கூட்டம் முன்பே மாறியிருந்ததால் நோய் வந்ததா? வாடிய மரத்தடியில் மண்ணெடுத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. நெருப்பு அணைந்த பிறகு சாம்பலைக் கிளறுவது மாதிரிதான் அது.

இதற்காக சீனாவின் நான்ஜிங் ஆய்வாளர்கள் தக்காளியை எடுத்துக்கொண்டார்கள். தக்காளி, கத்தரிக்கு வரும் பாக்டீரியா வாடல் நம் ஊர்க்காரர்களுக்கும் தெரிந்ததுதான். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா கொண்டுவருவது. செடியைப் பிடுங்காமலேயே வேர்மண்டல மண்ணைத் திரும்பத் திரும்ப எடுக்கும்படியான பெட்டிகளில் நாற்றுகளை வளர்த்தார்கள். எல்லாம் வயல் மண், எல்லாவற்றிலும் நோய்க்கிருமி இருந்தது. சில செடிகள் செத்தன, சில கடைசிவரை நின்றன. பிறகு பின்னோக்கிப் போய், ஆரம்பத்தில் எடுத்து வைத்திருந்த மண்ணைப் பார்த்தார்கள். நோயின் அறிகுறியே இல்லாத அந்த நாளிலேயே, பிழைக்கப் போகும் செடியின் மண்ணும் சாகப் போகும் செடியின் மண்ணும் வேறு வேறாக இருந்தன. ஆரம்பத்தில் ரால்ஸ்டோனியா எவ்வளவு இருந்தது என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. அதைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது. 2019இல் வந்த இந்த ஆய்வை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஒரே கன்று, ஒரே தண்ணீர், ஒரே உரம்; ஆனாலும் ஒன்று நிற்கிறது, ஒன்று விழுகிறது. இதைப் பார்த்து "அது அதோட விதி" என்று சொல்லிக் கேட்டிருப்போம். அந்த விதியில் ஒரு பகுதி குழியடி மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, இரண்டும் உண்மை. கூட்டம் பலவீனமாக இருக்கும் இடத்தில் நோய் உள்ளே வருகிறது. வந்த நோய் கூட்டத்தை இன்னும் குலைக்கிறது.

இந்தச் சண்டையில் செடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில், அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியின் இலையில் அடிச்சாம்பல் நோயை ஏற்றினார்கள். நோய் இலையில்தான். ஆனால் வேரடியில் மூன்று பாக்டீரியாக்கள் மட்டும் குறிப்பாகப் பெருகின. மைக்ரோபாக்டீரியம், ஸ்டெனோட்ரோபோமோனாஸ், ஸாந்தோமோனாஸ். மூன்றும் சேர்ந்து வேரில் ஒட்டிக்கொண்டு, செடியின் நோய் எதிர்ப்பைக் கூட்டின. தனித்தனியாக விட்டால் பெரிய பலன் இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் செடிகளை அகற்றிவிட்டு அதே மண்ணில் அடுத்த தலைமுறையை விதைத்தார்கள். அதற்கு நோய் குறைவாக வந்தது. நோயில் கிடந்த செடி தன் காலடி மண்ணில் அடுத்ததற்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இதில் ஸாந்தோமோனாஸ் என்ற பெயரைக் கவனியுங்கள். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலைக் கொண்டுவருவதும் இதே பேரினத்தின் இன்னொரு இனம்தான். பெயரை வைத்து நல்லவன், கெட்டவன் என்று பிரிப்பது நுண்ணுயிர் உலகில் நடக்காது.

செடி ஆள் கூப்பிடுவது கிருமிக்கும் தெரியும் போலிருக்கிறது. தக்காளி, பருத்தி என்று நூற்றுக்கணக்கான பயிர்களை வாடவைக்கும் வெர்ட்டிசிலியம் பூஞ்சை ஒரு புரதத்தைச் சுரக்கிறது. செடியின் எதிர்ப்பைக் குலைப்பதற்கான ஆயுதம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2020இல் தெரியவந்தது வேறு. அந்தப் புரதம் பாக்டீரியாக்களைக் கொல்கிறது. எல்லாவற்றையும் இல்லை, ஸ்பிங்கோமோனாஸ் வரிசையைச் சேர்ந்த, பூஞ்சைக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடியவற்றைக் குறிவைத்துக் குறைக்கிறது. இதைவிட வியப்பு, அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பூஞ்சை ஏதோ ஒரு காலத்தில் தாவரத்திடமிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது.

வாழையைத் தாக்கும் புசேரியத்துக்கு உறவான இன்னொரு புசேரியம், தக்காளி வேரை அழுகவைப்பது, இன்னும் நுணுக்கமாக வேலை செய்கிறது. சூடோமோனாஸ் பூஞ்சையை அடக்குவது டிஏபிஜி என்ற எதிர்ப்பொருளைச் சுரந்துதான். இந்தப் புசேரியமோ புசாரிக் அமிலம் என்ற ஒன்றைச் சுரந்து, சூடோமோனாஸ் அதைத் தயாரிக்கவே முடியாமல் செய்துவிடுகிறது. பாக்டீரியா சாவதில்லை. அங்கேயே இருக்கிறது, ஆனால் கையில் ஆயுதம் இல்லை. 1997இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். துத்தநாகம் சேர்த்தபோது புசாரிக் அமிலம் குறைந்து, பாக்டீரியா மறுபடி வேலை செய்ததையும் காட்டினார்கள். பாக்கெட்டில் எத்தனை கோடி பாக்டீரியா என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். இருப்பது வேறு, வேலை செய்வது வேறு.

இப்போது கோதுமைக்கு வருகிறேன். நமக்குப் பழக்கமில்லாத பயிர், ஆனால் இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் இல்லை. டேக்-ஆல் என்று ஒரு வேர் நோய். எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே நிலத்தில் வருடா வருடம் கோதுமையே போட்டவர்கள் கண்ட விநோதம் இது. முதல் சில ஆண்டுகள் நோய் ஏறிக்கொண்டே போகும். விளைச்சல் படுத்துவிடும். அப்புறம், எந்த மருந்தும் அடிக்காமலேயே, நோய் தானாக இறங்கும். கோதுமையைத் தொடர்ந்து போடும்வரை இறங்கியே இருக்கும். நடுவில் வேறு பயிர் மாற்றினால் அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும். பயிர்ச்சுழற்சி செய்யுங்கள் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

காரணம், நோயே தன் எதிரியை வளர்த்துவிடுகிறது. நோயுற்ற வேரின் புண்களிலிருந்து கசியும் சத்தைத் தின்று, மேலே சொன்ன டிஏபிஜி சுரக்கும் சூடோமோனாஸ் பெருகுகிறது. ஒரு கிராம் வேருக்கு ஒரு லட்சம் என்ற அளவைத் தாண்டினால் பூஞ்சை அடங்குகிறது. மண்ணின் உயிர்கள்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? அந்த மண்ணை 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் பாதுகாப்பு போய்விடுகிறது. சூடாக்காத மண்ணில் கொஞ்சம் எடுத்து நோய் வரும் மண்ணில் கலந்தால், பாதுகாப்பு அங்கேயும் தொற்றிக்கொள்கிறது. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு வாழையையும் அதே நிலத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் வாடல் தானாகப் போய்விடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். வாழையில் தொடர் சாகுபடி புசேரியத்தைக் கூட்டுகிறது என்பதுதான் தோட்ட அனுபவம். அந்தப் பூஞ்சையின் தடித்த சுவர் கொண்ட வித்துகள் வாழையே இல்லாமல் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

வாழையிலும் நோயை அடக்கும் மண் உண்டு. மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சில மண்ணில் தோட்டம் சில வருடங்களில் அழிவதையும் சில மண்ணில் இருபது வருடம் தாண்டி நிற்பதையும் கவனித்து, குறுகிய ஆயுள் மண், நீண்ட ஆயுள் மண் என்று பிரித்திருந்தார்கள். 1960களில் ஆராய்ந்தபோது, நீண்ட ஆயுள் மண்ணில் பெரும்பாலும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை இருந்தது. அந்தக் களிமண்ணில் பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாகி, உணவுப் போட்டியில் பூஞ்சையை முந்திவிடுகின்றன என்பது விளக்கம். நம் கரிசல் மண்ணிலும் இந்தக் களிமண் நிறைய உண்டு. அதற்காகக் கரிசலில் வாடல் வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்ணின் கனிமம், ஈரம், கார அமில நிலை எல்லாம் கூட்டத்தை மாற்றும் என்பது மட்டும் நிச்சயம்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நம் தோட்டத்துக்குத் திரும்பினால், சில பழக்கங்கள் புதிதாகக் கண்ணில் படும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஒன்று எல்லோருக்கும் தெரியும். வாழைக் கிழங்கில் 45 டிகிரி சாய்வாக 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 60 மில்லிகிராம் சூடோமோனாஸ் அடைத்த கேப்சூலை உள்ளே வைத்து மூடுவது. இதில் முக்கியம் நேரம். நட்ட 2, 4, 6ஆம் மாதங்களில் வைக்கச் சொல்கிறார்கள். அறிகுறி கண்ணில் படும் முன்பே முதல் இரண்டு தவணை முடிந்துவிட வேண்டும். நடைமுறையில் நடப்பதோ, இலை மஞ்சளாகி மரம் சாயும்போதுதான் கடைக்கு ஓடுவது. அந்த நேரத்தில் குழாய்க்குள் பூஞ்சை ஏறியாகிவிட்டது, வேரடியில் பந்தியும் கலைந்தாகிவிட்டது. அங்கே கொண்டுபோய்க் கொட்டும் பாக்டீரியாவுக்கு உட்கார இலை கிடையாது. பிறகு "சூடோமோனாஸ் எல்லாம் வேஸ்ட்" என்று பெயர் வாங்குகிறது. எக்டேருக்கு 2.5 கிலோ சூடோமோனாஸை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து போடச் சொல்வதற்கும் இதே பொருள்தான். தொழுவுரம் அதற்குக் கட்டுச்சோறு. வெறும் மண்ணில் போட்டால் ஏற்கெனவே இருப்பவர்கள் விரட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, ஒரு கையால் நோயை அடக்கும் டிரைக்கோடெர்மாவைப் போட்டுவிட்டு மறு வாரம் கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். கார்பெண்டசிம்முக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று தெரியாது.

எனக்கு உண்மையான கவலை திசு வளர்ப்புக் கன்றுகளைப் பற்றித்தான். கேவண்டிஷ் வகையைச் சேர்ந்த ஜி-9 வந்த பிறகு நோயில்லாத, ஒரே சீரான கன்று என்பது பெரிய வரம். அதை மறுக்கவே முடியாது. பக்கத்துத் தோட்டத்துக் கிழங்கோடு வாடலும் நூற்புழுவும் சேர்ந்து வரும் ஆபத்து அதில் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் கிருமி நீக்கும்போது கெட்டது மட்டும் போவதில்லை. தாய்மரத்தின் திசுவுக்குள் தலைமுறையாகக் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்களும் பெரும்பாலும் போய்விடுகின்றன. கண்ணாடிக் குடுவையிலிருந்து வெளியே வரும் கன்று, ஊரில் ஒருவரையும் தெரியாத புதுக்குடித்தனம். 1998இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வு, திசு வளர்ப்பு வாழைகள் கிழங்கிலிருந்து வந்தவற்றைவிட வாடலுக்கு எளிதில் ஆளாகின்றன என்று காட்டியது. பிற்பாடு, நல்ல வாழையிலிருந்து எடுத்த உள்வாழ் பாக்டீரியாக்களைத் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் திருப்பிக் கொடுத்தபோது நோய் குறைந்ததையும் பார்த்தார்கள்.

இந்தியாவில் ஜி-9ஐயே தாக்கும் டிஆர்4 என்ற புசேரிய வகையின் வாடல் பீகாரின் கத்திஹார், பூர்ணியா பக்கம் வந்து தோட்டங்களை அழித்த பிறகு, இது வெறும் ஆய்வகப் பேச்சாக இல்லை. அதை அடக்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையை வைத்து ஃபியூசிகாண்ட் என்ற கலவையை உருவாக்கினார்கள். கன்று குடுவையை விட்டு வெளியே வந்து, நிழல்வலைக் குடிலில் வெயிலுக்குப் பழகும் ஓரிரு மாதங்கள்தான் நல்ல கூட்டத்தை வேரில் குடியேற்றச் சரியான காலம். வேர் புதிது, இடம் காலி. கன்று வாங்கும்போது விலையையும் இலை எண்ணிக்கையையும் கேட்கிறோம். குடிலில் வேருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அப்புறம், ஆய்வாளர்கள் நோயை எதிர்க்கும் நுண்ணுயிரைத் தேடித் தோட்டத்துக்கு வந்தால் எங்கே குனிகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நாம் எல்லோரும் விழுந்த மரத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்போம். அவர்கள் நாலா பக்கமும் வாடல் சூழ்ந்த இடத்தில் தார் தள்ளி நிற்கும் ஒற்றை மரத்தைத் தேடுவார்கள். அதன் அடியில் மண்வெட்டியால் பக்குவமாகத் தோண்டி, வேரை முறித்து, உதறினால் விழும் மண்ணை விட்டுவிட்டு, உதறியும் விழாமல் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணை மட்டும் வேரோடு சேர்த்துப் பையில் போட்டு எடுத்துப் போவார்கள்.